கேஸ்ல காசு பண்ணணுமா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ

தம்பி, லாட், மார்ஜின் என்று ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். எம்சிஎக்ஸ் என்ற கமாடிட்டி சந்தையில் நீ வாங்கப்போகும் நேச்சுரல் கேஸுக்கும் அம்மா அடுப்படியில் நிற்கும் சிலிண்டருக்கும் சம்பந்தமே கிடையாது. சிலிண்டரில் இருப்பது எல்பிஜி, அதாவது புரொப்பேனும் பியூட்டேனும். அதன் விலை சவுதி அராம்கோ மாதாமாதம் அறிவிக்கும் விலையை ஒட்டி நகரும். நேச்சுரல் கேஸ் பெரும்பாலும் மீத்தேன். ஆட்டோவில் நிரப்பும் சிஎன்ஜி, டெல்டாவில் குத்தாலம், நரிமணம் பக்கம் ஓஎன்ஜிசி எடுப்பது, எண்ணூர் முனையத்தில் கப்பலில் வந்து இறங்குவது எல்லாம் இதுதான். "சிலிண்டருக்கு அம்பது ரூபா ஏத்திட்டாங்களே அக்கா, கேஸ் லாங் போகலாமா?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. படித்தவர்கள்தான்.

சரி, சிஎன்ஜி விலையைப் பார்த்தாவது வாங்கலாமா என்றால் அதுவும் கூடாது. உள்நாட்டுக் கேஸில் பெரும்பகுதிக்கு 2023 ஏப்ரலில் இருந்து கச்சா எண்ணெய் விலையில் 10 சதவீதம் என்று ஒரு சூத்திரம் வைத்து அரசாங்கம் விலை சொல்கிறது. எம்சிஎக்ஸ் விலை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அது பார்ப்பது அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில், ஈராத் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹென்றி ஹப்பை. பல பைப்லைன்கள் வந்து சேரும் இடம் அது. 1990-ல் இருந்து நியூயார்க்கின் நைமெக்ஸ் சந்தையில் அந்த இடத்து விலையை வைத்துத்தான் பியூச்சர்ஸ் ஓடுகிறது. நம் கான்ட்ராக்ட் முடியும் நாளில் அந்த டாலர் விலையை ரிசர்வ் வங்கியின் டாலர் மதிப்பால் பெருக்கி, ரூபாயில் கணக்கு முடிப்பார்கள். கேஸ் உன் வீட்டுக்கு வராது. நீயும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். பணம் மட்டும் கை மாறும்.

ஆக, சிகாகோவில் குளிருமா, டெக்சாஸில் வெயில் அடிக்குமா என்பதன் மேல்தான் நீ பணம் கட்டுகிறாய். அதுவும் அந்த விலை அதிகம் துள்ளும் நேரம் நமக்கு ராத்திரி. நான் சொல்லப்போகிற எல்லா டிப்ஸும் இந்த ஒரு விஷயத்தில் இருந்துதான் வருகிறது.

மார்ஜினைப் பார்க்காதே, ஒரு ரூபாய் அசைந்தால் எவ்வளவு என்று பார்

பெரிய கான்ட்ராக்டில் ஒரு லாட் 1,250 எம்எம்பிடியு. மினியில் 250. விலை ஒரு எம்எம்பிடியுவுக்கு இத்தனை ரூபாய் என்று திரையில் ஓடும். இப்போது 300 என்று வைத்துக்கொள். பெரிய லாட்டின் மதிப்பு 3,75,000 ரூபாய், மினி 75,000. விலை ஒரே ஒரு ரூபாய் நகர்ந்தால் பெரிய லாட்டில் 1,250 ரூபாய், மினியில் 250 ரூபாய் உன் கணக்கில் ஏறும் அல்லது இறங்கும். இந்த இரண்டு எண்ணும் தூக்கத்தில் கேட்டாலும் வாயில் வர வேண்டும்.

கேஸ் ஒரு நாளில் 10, 15 ரூபாய் நகர்வது பெரிய விஷயமே இல்லை. தங்கத்தில் ஒரு நாளில் 4 சதவீதம் நகர்ந்தால் டிவியில் விவாதம் வைப்பார்கள். கேஸில் அது சாதாரண செவ்வாய்க்கிழமை. 12 ரூபாய் எதிர்த்திசையில் போனால் பெரிய லாட்டில் 15,000 ரூபாய், ஒரே நாளில். அன்றைக்கே எம்டிஎம் என்று கணக்கில் கழித்துவிடுவார்கள். மறுநாள் திரும்பி வரும் என்று காத்திருக்க மார்ஜின் மீதி இருக்க வேண்டும். இல்லையென்றால் புரோக்கரே பொசிஷனை வெட்டிவிடுவார்.

கையில் ஒரு லட்சம் வைத்திருக்கிறாய் என்று வைத்துக்கொள்வோம். மார்ஜின் தொகையை மட்டும் பார்த்தால் பெரிய லாட்டே ஒன்று போடலாம் போலத் தோன்றும். போடலாம்தான், ஆப் தடுக்காது. ஆனால் கணக்கைப் பின்னால் இருந்து போடு. ஒரு வியாபாரத்தில் அதிகபட்சம் எவ்வளவு போனால் தாங்குவாய்? நான் சொல்வது 2 சதவீதம், அதாவது 2,000 ரூபாய். கேஸின் சாதாரண ஆட்டத்தில் அடிபடாமல் இருக்க ஸ்டாப் லாஸ் குறைந்தது 8 ரூபாயாவது தள்ளி இருக்க வேண்டும். 2,000-ஐ 8-ஆல் வகுத்தால் 250. ஒரு மினி லாட். அவ்வளவுதான் உன் அளவு. அதே 8 ரூபாய் ஸ்டாப் லாஸோடு பெரிய லாட் போட்டால் ஒரு தடவைக்கு 10,000 போகும். வரிசையாக நாலு தடவை தப்பினால் முதலில் பாதிக்குப் பக்கத்தில் காலி. நாலு தடவை வரிசையாகத் தப்புவது இந்த மார்க்கெட்டில் அபூர்வம் இல்லை.

"மினியில் என்னக்கா கிடைக்கும்?" என்பாய். கம்மியாகத்தான் கிடைக்கும். செலவும் விகிதத்தில் கூடத்தான். ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் புரோக்கரிடம் வாங்கி விற்று முடித்தால், ஜிஎஸ்டி, சிடிடி என்ற கமாடிட்டி பரிவர்த்தனை வரி, முத்திரைக் கட்டணம் எல்லாம் சேர்த்து மினிக்கு 60 ரூபாய் போல ஆகும். ஏறக்குறைய கால் ரூபாய் நகர்ந்தால்தான் அசலுக்கு வருவாய். அதனால் மினியில் 50 பைசாவுக்கும் 1 ரூபாய்க்கும் நாள் முழுக்க வாங்கி விற்றுக்கொண்டிருப்பவர்களின் லாபம் புரோக்கருக்குத்தான் போய்ச் சேரும். நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பதால் இந்தக் கணக்கெல்லாம் என் மேஜைக்கு வரும். வாங்கி விற்றதில் நஷ்டம் சின்னதாக இருக்கும், கட்டணப் பகுதியைக் கூட்டினால் அது பெரிதாக இருக்கும். அப்படி எத்தனையோ பேர்.

வியாழன் ராத்திரி

வாரா வாரம் வியாழக்கிழமை, அமெரிக்க எரிசக்தித் தகவல் நிறுவனமான ஈஐஏ ஓர் அறிக்கை விடும். நிலத்தடிக் கிடங்குகளில் எவ்வளவு கேஸ் இருக்கிறது, போன வாரத்தைவிட எவ்வளவு கூடியது, குறைந்தது என்று. அங்கே காலை 10:30. நமக்கு அவர்களுடைய கோடை நேரத்தில் ராத்திரி 8 மணி. நவம்பர் முதல் வாரத்தில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு மார்ச் நடுவரை 9 மணி. எம்சிஎக்ஸும் அதற்கேற்ப 11:30-க்கு மூடுவதை 11:55 ஆக்கிக்கொள்ளும். அங்கே விடுமுறை வந்தால் அறிக்கையின் நாள் மாறும்; ஈஐஏ தளத்தில் அட்டவணை இருக்கிறது, மாதத் தொடக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்.

அளவு பிசிஎஃப் என்ற கணக்கில் வரும். ஒரு பிசிஎஃப் நூறு கோடி கன அடி. எண்ணை மட்டும் பார்த்து ஒன்றும் ஆகாது. சந்தை என்ன எதிர்பார்த்தது என்பதோடு வைத்துப் பார்க்க வேண்டும். கோடையில் ஒரு வாரம் 80 பிசிஎஃப் உள்ளே போயிருக்கும் என்று எதிர்பார்த்து, வந்தது 65 என்றால், சரக்கு நினைத்ததைவிடக் குறைவாகத்தான் சேர்ந்திருக்கிறது. விலை ஏற வேண்டும், பெரும்பாலும் ஏறும். குளிர்காலத்தில் வெளியே எடுத்த அளவு எதிர்பார்த்ததைவிடக் கூடினாலும் அதே கதைதான்.

"பெரும்பாலும்" என்றேனே, அங்கேதான் பணம் போவது. அந்த அறிக்கை சொல்வது முந்தைய வெள்ளிக்கிழமை வரைக்குமான கணக்கு. சந்தை அதற்குள் அடுத்த இரண்டு வாரத்து வானிலையைப் பேசிக்கொண்டிருக்கும். அதனால் எண் நல்லதாக வந்து விலை 4 ரூபாய் குதித்து, பத்து நிமிடத்தில் 6 ரூபாய் விழுவதைப் பார்க்கலாம். லாங் போனவன், ஷார்ட் போனவன் இருவரின் ஸ்டாப் லாஸும் அடிபட்டு, இருவரும் எக்ஸ்சேஞ்சைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். நான் செய்வது இது: அறிக்கைக்குக் கால் மணி நேரம் முன்னால் கையில் பொசிஷன் இருந்தால் பாதியாவது குறைத்துவிடுவேன், புதிதாக எதுவும் போடமாட்டேன். அறிக்கை வந்து அரை மணி நேரம் கழித்து விலை எந்தப் பக்கம் நிலைக்கிறது என்று பார்த்துவிட்டு, வேண்டுமானால் உள்ளே போவேன். அந்த அரை மணியில் தவறிப்போன லாபத்துக்காக நான் வருத்தப்பட்டது இல்லை. இன்னொன்று, ஸ்டாப் லாஸை லிமிட் ஆர்டராகப் போட்டிருந்தால், விலை அதைத் தாண்டிக் குதித்துவிட்டால் ஆர்டர் அப்படியே தொங்கும். டிரிக்கர் விலைக்கும் லிமிட் விலைக்கும் இடையே தாராளமாக இடம் விடு.

வானிலை மாடல்களின் நேரத்தையும் தெரிந்துகொள். அமெரிக்கர்களின் ஜிஎஃப்எஸ் நாளுக்கு நாலு தடவை ஓடும். அதில் ஒன்று நமக்கு ராத்திரி 9 மணியில் இருந்து 10:30-க்குள் வெளியாகும். அன்றைக்குச் செய்தி எதுவுமே இல்லாமல் விலை திடீரென்று ஒரு பக்கம் நடக்க ஆரம்பித்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஐரோப்பியர்களின் மாடலுக்கு மதிப்பு கொஞ்சம் கூடுதல். அதன் பகல் ஓட்டம் கிட்டத்தட்ட நம் சந்தை மூடும் நேரத்தில்தான் வர ஆரம்பிக்கும். நீ படுத்துத் தூங்குவாய், நியூயார்க் தூங்காது. மறுநாள் காலை 9 மணிக்கு எம்சிஎக்ஸ் திறக்கும்போது விலை உன் ஸ்டாப் லாஸுக்கு அந்தப் பக்கம் நிற்கும். நடுவில் எந்த விலையும் கிடையாது.

ராத்திரி கொண்டுபோகும் பொசிஷன் பகல் பொசிஷனில் பாதி இருக்கட்டும். வெள்ளிக்கிழமை இரவு முழுசாக வெளியே வந்துவிடு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாடல் ஓடிக்கொண்டுதான் இருக்கும், சந்தைதான் மூடியிருக்கும். திங்கள் காலை கேப் என்றால் என்ன என்பதற்கு கேஸைவிட நல்ல பாடம் கிடையாது.

"குளிர்காலம் வருது, ஏறும்"

கேஸைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த ஒரே விஷயம் இதுதான். இதை நம்பித்தான் நிறைய பேர் போகிறார்கள்.

அங்கே ஏப்ரலில் இருந்து அக்டோபர் வரை கிடங்கில் கேஸ் சேர்ப்பார்கள். நவம்பரில் இருந்து மார்ச் வரை எடுத்து எரிப்பார்கள். அறுவடையில் குதிரை நிரப்பி, மீதி மாதங்களில் எடுத்துச் சாப்பிடுவது மாதிரி. அக்டோபர் கடைசியில் 3,700, 3,800 பிசிஎஃப் ஒட்டி இருக்கும், மார்ச் கடைசியில் 1,800 பக்கம் வந்து நிற்கும். இதுதான் சுமாரான சராசரி. 2018 ஜனவரி முதல் வாரத்தில் ஒரே வாரத்தில் 359 பிசிஎஃப் எடுத்தார்கள். அப்படி ஒரு குளிர். ஆக, சீசன் உண்மைதான். ஆனால் அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை. ஜனவரி கான்ட்ராக்டின் விலையில் அந்தக் குளிர் ஆகஸ்டிலேயே சேர்ந்துவிடும். நீ வாங்குவது எதிர்பார்த்ததைவிட அதிகக் குளிருக்கு. வெறும் குளிருக்கு அல்ல.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார். 2022 ஆகஸ்ட், நல்ல கோடை. ஹென்றி ஹப் 10 டாலரைத் தொடப்போனது. நம் திரையில் 750 ரூபாயைத் தாண்டி ஓடியது. ரஷ்ய கேஸ் நின்று ஐரோப்பா திணறிய நேரம். 2024 பிப்ரவரி, நடுக் குளிர்காலம், 1.60 டாலருக்கும் கீழே போனது, ரூபாயில் 130-ஐ ஒட்டி. அந்த வருடம் குளிரே சரியாக அடிக்கவில்லை, கிடங்கு நிரம்பி வழிந்தது. ஆக, ஐந்து வருடச் சராசரியோடு ஒப்பிட்டால் சரக்கு கூடவா, குறைவா என்பதைப் பார். ஈஐஏ அறிக்கையிலேயே அந்த வரி இருக்கும். காலண்டரைவிட அது பயன்படும்.

இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் இன்னொரு பாடம் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் 10 டாலர் பக்கம் இருந்தது, ஆறே மாதத்தில், 2023 பிப்ரவரியில், 2 டாலர் பக்கம் வந்துவிட்டது. 6-ல் வாங்கினவன் 5-ல் ஆவரேஜ் பண்ணினான், 4-ல் பண்ணினான், "இதுக்கு மேல எங்க இறங்கப்போகுது" என்று 3-ல் நகையை வைத்துப் பண்ணினான். பங்கு என்றால் டீமாட்டில் போட்டுவிட்டுப் பத்து வருடம் மறந்துவிடலாம். பியூச்சர்ஸ் மாதா மாதம் முடிந்துபோகும். அடுத்த மாதத்துக்கு மாற்றும்போது அந்த மாத விலை கூடுதலாக இருந்தால் அந்த வித்தியாசம் உன் பாக்கெட்டில் இருந்துதான். இலையுதிர் காலத்தில் இந்த வித்தியாசம் சில நேரம் மலைப்பாக இருக்கும். கேஸில் ஆவரேஜ் பண்ணாதே. நஷ்டத்தில் இருக்கும் பொசிஷனில் இன்னொரு லாட் சேர்க்கிறேன் என்று போன் பண்ணினால் எடுக்கமாட்டேன்.

சீசனை நம்பிப் போன பெரிய மனிதர் கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் கனெக்டிகட்டில் அமராந்த் என்று ஒரு ஹெட்ஜ் ஃபண்ட், 900 கோடி டாலர் அளவுக்குப் பணம். பிரையன் ஹன்டர் என்ற டிரேடர் 2005-ல் கத்ரீனா புயல் சமயத்தில் கேஸில் அள்ளிக் கொடுத்தார். அடுத்த வருடம் மார்ச் கான்ட்ராக்டை வாங்கி ஏப்ரல் கான்ட்ராக்டை விற்றார். மார்ச்சில் கிடங்கு காலியாகும், ஏப்ரலில் குளிர் போய்விடும், இடையே விலை வித்தியாசம் விரியும் என்பது கணக்கு. கணக்கில் தப்பு ஒன்றும் இல்லை. அளவில்தான் தப்பு. 2006-ல் புயல் வரவில்லை, கிடங்கு நிரம்பியது, 2 டாலருக்கு மேல் இருந்த வித்தியாசம் செப்டம்பரில் 1 டாலருக்குக் கீழே சுருங்கியது. அவர் வைத்திருந்த அளவுக்கு வெளியே வர வாசல் இல்லை. 600 கோடி டாலருக்கு மேல் போய் ஃபண்டே மூடப்பட்டது. அவ்வளவு பெரிய ஃபண்டுக்கே அந்தக் கதி தம்பி.

பழைய பாடம் செல்லாது

யூடியூபில் புயல் வந்தால் கேஸ் ஏறும் என்பார்கள். 2005-க்கு அது சரி. கத்ரீனாவும் ரீட்டாவும் மெக்சிகோ வளைகுடாவின் கடல் கிணறுகளை நிறுத்திவிட, அந்த டிசம்பரில் விலை 15 டாலரைத் தாண்டியது. இன்றைக்குக் கடலில் இருந்து வருவது கொஞ்சம்தான். பெரும்பங்கு பென்சில்வேனியா, டெக்சாஸ், லூசியானா நிலத்தடிப் பாறைகளில் இருந்து வருகிறது. புயல் இப்போது அடிப்பது வேறு இடத்தில். கரையோரத்தில் கேஸைக் குளிர்வித்துக் கப்பலில் ஏற்றும் எல்என்ஜி ஆலைகள் இருக்கின்றன, கரண்ட் போனால் அவை நிற்கும், கேஸ் நாட்டுக்குள்ளேயே தேங்கும். 2020 ஆகஸ்டில் லாரா புயல் அப்படித்தான் லூசியானா கரையில் ஏற்றுமதியை முடக்கியது. அதனால் புயல் செய்தி கேட்டவுடன் லாங் போடாதே. எந்த இடத்தில் கரையைக் கடக்கிறது, அங்கே இருப்பது கிணறா, ஆலையா என்று பார்.

2022 ஜூனில் டெக்சாஸில் ஃப்ரீபோர்ட் எல்என்ஜி ஆலையில் வெடிவிபத்து. அமெரிக்க ஏற்றுமதித் திறனில் ஆறில் ஒரு பங்கு அதனுடையது. ஆலை திறக்க மாதக் கணக்கில் ஆகும் என்று தெரிந்த அன்று ஹென்றி ஹப் சுமார் 16 சதவீதம் விழுந்தது. ஐரோப்பாவில் விலை ஏறியது. "ஆலை வெடிச்சிருச்சு, சப்ளை கம்மி, வாங்கு" என்று வாங்கினவர்களுக்கு அன்று நடந்தது இது. எல்என்ஜி விஷயத்தில் செய்தி வந்தால் முதல் கேள்வி, கேஸ் அமெரிக்காவுக்குள் தங்குமா, வெளியே போகுமா என்பதுதான். நமக்கும் இதில் ஒரு சின்ன ஒட்டு உண்டு. 2018-ல் இருந்து கெயில் நிறுவனம் லூசியானாவின் சபைன் பாஸில் இருந்து ஹென்றி ஹப் விலையை வைத்தே சரக்கு எடுத்து வருகிறது.

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்தபோது ஓக்லஹோமா பக்கம் அன்றாடச் சந்தையில் கேஸ் 1,000 டாலரைத் தாண்டி விற்றது. நைமெக்ஸ் பியூச்சர்ஸ் அப்போது 3 டாலர் சொச்சத்தில் உட்கார்ந்திருந்தது. டிவியில் வரும் விலை எல்லாம் உன் கான்ட்ராக்டின் விலை அல்ல.

ஆப்ஷன் விற்கிறேன் என்று கிளம்பாதே

ஆப்ஷன் வாங்குவதில் போட்ட பிரீமியம்தான் போகும். 15 ரூபாய் பிரீமியம் என்றால் பெரிய லாட்டுக்கு 18,750. அதுவும் சின்னத் தொகை இல்லை. நாள் போகப் போகக் கரையும். ஆனால் எவ்வளவு போகும் என்பதாவது முன்பே தெரியும். விற்பதில் அது தெரியாது. மாசா மாசம் வட்டி மாதிரி வருகிறது என்று தூரத்து ஸ்டிரைக்கில் கால் ஆப்ஷன் விற்பவர்கள் இருக்கிறார்கள். வரும், வரும், ஒரு நாள் வராது.

அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் இதையே தொழிலாகச் செய்த ஒரு நிறுவனம் இருந்தது, ஆப்ஷன்செல்லர்ஸ் என்று. ஜேம்ஸ் கார்டியர் என்பவர் நடத்தினார். ஆப்ஷன் விற்பது பற்றிப் புத்தகமே எழுதியவர். 2018 நவம்பர் 14-ம் தேதி குளிர் முன்கூட்டியே வரும் என்று மாடல் காட்ட, கேஸ் ஒரே நாளில் 18 சதவீதம் ஏறியது. வாடிக்கையாளர்களின் கணக்குகள் துடைத்துப் போனதோடு, அதற்கு மேலும் கட்ட வேண்டிய பாக்கி அவர்கள் தலையில் விழுந்தது. அவர் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்ட வீடியோ அப்போது ஊரெல்லாம் சுற்றியது. அடுத்த நாளே விலை ஏறக்குறைய அதே அளவு இறங்கிவிட்டது. அதனால் யாருக்கும் பயன் இல்லை, பொசிஷனைத்தான் முந்தின நாளே வெட்டிவிட்டார்களே.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. எம்சிஎக்ஸில் கேஸ் ஆப்ஷன், பியூச்சர்ஸ் முடிவதற்கு முன்பே முடியும். முடியும்போது லாபத்தில் இருந்தால் அது பியூச்சர்ஸ் பொசிஷனாக மாறும், முழு மார்ஜின் கேட்பார்கள். கடைசி நாள் வரை வைத்திருக்காமல் விற்று வெளியே வா.

எக்ஸ்பைரி

நம் பியூச்சர்ஸ் மாதக் கடைசியில் முடியும். நைமெக்ஸுக்குப் பெரும்பாலும் ஒரு வேலைநாள் முன்னால். நம் ஜனவரி கான்ட்ராக்ட் பின்தொடர்வது அங்கே உள்ள பிப்ரவரி கான்ட்ராக்டை. மாதப் பெயர் மாறி இருக்கும், செய்தி படிக்கும்போது குழம்பாதே. 2022 ஜனவரி 27-ம் தேதி அந்த பிப்ரவரி கான்ட்ராக்ட் தன் கடைசி நாளில் ஒரே நாளில் 40 சதவீதத்துக்கு மேல் ஏறியது. ஷார்ட் போட்டவர்கள் கடைசி நேரத்தில் விழுந்தடித்து வாங்கியதுதான் காரணம்.

2020 ஏப்ரல் 20-ஐ மறந்திருக்க மாட்டாய். கச்சா எண்ணெய் நியூயார்க்கில் பூஜ்ஜியத்துக்குக் கீழே, மைனஸ் 37.63 டாலருக்குப் போன நாள். ஊரடங்கினால் எம்சிஎக்ஸ் மாலை 5 மணிக்கே மூடியிருந்தது. இங்கே லாங் வைத்திருந்தவர்கள் ஒன்றும் செய்ய முடியாமல், மைனஸ் 2,884 ரூபாய்க்குக் கணக்கு முடித்தார்கள். கேஸும் அதே மாதிரி வெளிநாட்டு விலையில் முடியும் கான்ட்ராக்ட்தான். எக்ஸ்பைரிக்கு நாலு நாள் முன்னாலேயே வெளியே வந்துவிடு, வேண்டும் என்றால் அடுத்த மாதத்தில் புதிதாக ஆரம்பி.

யாரை நம்புவது

டெலிகிராமில் "ஷ்யூர் ஷாட் என்ஜி கால்" தருகிறேன் என்பவனிடம் செபி பதிவு எண் கேள், செபி தளத்தில் போய்ச் சரிபார். பாதிப் பேர் அதிலேயே காணாமல் போவார்கள். லாகின், பாஸ்வேர்டு கொடுங்கள், நாங்களே டிரேட் பண்ணி லாபத்தில் பங்கு எடுத்துக்கொள்கிறோம் என்பவனிடம் பேச்சே வேண்டாம். லாபத்தில்தான் பங்கு, நஷ்டத்தில் பங்கு என்று எவனும் சொல்வதில்லை.

100 டாலர் போட்டு வெளிநாட்டு ஆப்பில் கேஸ் சிஎஃப்டி பண்ணலாம் என்ற விளம்பரம் உனக்கும் வந்திருக்கும். வெளிநாட்டில் மார்ஜின் கட்டி வியாபாரம் பண்ண இங்கிருந்து பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி விதிகளில் அனுமதி இல்லை. அங்கீகாரம் இல்லாத தளங்களின் பட்டியலையும் ரிசர்வ் வங்கி வெளியிட்டிருக்கிறது, பார்த்துக்கொள். நம் ஊர் எக்ஸ்சேஞ்சில் நஷ்டப்பட்டால் நஷ்டம் மட்டும்தான். அங்கே போட்டது திரும்பி வராவிட்டால் யாரிடமும் போய் நிற்க முடியாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பங்குச் சந்தை எஃப் அண்ட் ஓவில் 2022 முதல் 2024 வரை மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் என்று செபியே கணக்கெடுத்துச் சொன்னது. அது கமாடிட்டி கணக்கு இல்லைதான். ஆனால் என் மேஜைக்கு வரும் கேஸ் கணக்குகள் அதைவிட அழகாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன்.

வரி

இந்த வருமானம் பிசினஸ் வருமானம். கேப்பிட்டல் கெயின் இல்லை. எம்சிஎக்ஸில் சிடிடி கட்டிச் செய்வதால் ஸ்பெகுலேஷன் கணக்கிலும் வராது. ஐடிஆர்-3 போட வேண்டும். வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 செல்லாது. நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, ஆனால் காலக்கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டால் 8 வருடம் வரை கொண்டுபோய்ப் பின்னால் வரும் பிசினஸ் லாபத்தில் கழிக்கலாம். நஷ்டம்தானே, எதற்குக் காட்டணும் என்று விட்டுவிடுபவர்கள் தங்களுக்கு வர வேண்டிய சலுகையைத்தான் விடுகிறார்கள். டர்ன்ஓவர் என்பது வாங்கி விற்ற மொத்த மதிப்பு இல்லை. ஒவ்வொரு வியாபாரத்தின் லாபத்தையும் நஷ்டத்தையும் பிளஸ் மைனஸ் பார்க்காமல் கூட்ட வேண்டும். புரோக்கரேஜ், சிடிடி, இதற்காகவே வைத்திருக்கும் இன்டர்நெட் செலவு எல்லாம் கழிக்கலாம்.

கான்ட்ராக்ட் நோட் தினமும் மெயிலில் வரும், அதற்கு ஒரு தனி ஃபோல்டர் போடு. மார்ச் முடிந்ததும் புரோக்கர் தளத்தில் இருந்து வரி அறிக்கை, லெட்ஜர், பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றையும் இறக்கி ஏப்ரலிலேயே எனக்கு அனுப்பு. ஜூலை 29-ம் தேதி ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸப்பில் ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பினால், தம்பி என்றுகூடப் பார்க்கமாட்டேன், டபுள் ஃபீஸ்.